நாவுக்கரசர் பாட்டுக்கு உரிமையாளர் யார்?

கடந்த தைத்திங்களில் எங்கள் பள்ளியில் நடந்த பொங்கல் விழாவிற் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாவுக்கரசர் பதிகம் ஒன்றைப் பாடினாள். சூலைநோயால் வருந்திய நாவுக்கரசர் திருவதிகையில் முதன்முதற் பாடியதாக வழங்கும் பதிகம் அது. பண் கொல்லி. மேளமில்லை, மின்னிசைக் கருவியில்லை, தனிக்குரல். அப்பண்ணை அவளுக்குக் கற்பித்தவர் அவளூர்க் கோயிலில் ஓதுவாராயிருந்து ஓய்வு பெற்ற முதியவர். என் பழைய மாணவர் ஒருவர் அதனைத் தம் கைப்பேசியிற் பதிவு செய்து, யூடியூப் என்னும் வலையொளியில் தாம் நடத்திவரும் தமிழ்ப்பாடல் வரிசையில் ஏற்றினார். மூன்றாம் நாள் அவருக்கொரு மின்மடல் வந்தது. அக்காணொளியிலுள்ள இசை இன்ன ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு உரியதென்றும், ஆகலின் அதன்மேல் விளம்பரம் இட்டு வருவாய் பெறும் உரிமை அந்நிறுவனத்தினுடையதென்றும் அம்மடல் அறிவித்தது. அன்று மாலையே அப்பிள்ளையின் பாட்டுக்கு முன்னே நகைக்கடன் விளம்பரமொன்று ஓடிற்று.

செய்தியறிந்த அம்மாணவி என்னிடம் வந்து ஒன்றே கேட்டாள்: “ஐயா, நான் யாரைப் பார்த்துப் படியெடுத்தேன்?”

முப்பதாண்டுகளாக மாணவர்க்கு விடை சொல்லியே பழகியவன் நான். அன்று விடை சொல்ல இயலவில்லை. இதற்காகச் சட்டநூலைப் புரட்டினேன். கணிப்பொறித் துறையிலுள்ள பழைய மாணவர்களைத் தொல்லைப்படுத்தினேன். அறிந்துகொண்டதை அன்பர்கள் முன் வைக்கின்றேன். ஏனெனில், இஃது ஒரு பள்ளிக்கு நேர்ந்த இடரன்று. திருமுறை பாடுவோரும் நாட்டுப்பாடல் தொகுப்போரும் தமிழ்விழா நடத்துவோரும் இன்று தத்தம் நிகழ்ச்சிகளைக் காணொளியாக ஏற்றிக்கொண்டிருக்கின்றனர். அவருள் எவர்க்கும் இவ்வாறான மடல் வரலாம்.

முதலில் அம்மடலை எழுதியவர் எவர் என்று பார்ப்போம். எவருமில்லை! அதனை எழுதியது ஒரு பொறி.

யூடியூப் 2005-இல் தோன்றியது. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் அதனை 165 கோடி தாலர் கொடுத்து வாங்கிற்று. மக்கள் திரைப்படத் துண்டுகளையும் பாட்டுகளையும் வரைமுறையின்றி ஏற்றத் தொடங்கவே, வயகாம் என்னும் அமெரிக்க நிறுவனம் 2007-இல் 100 கோடி தாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. உரிமையாளர் முறையிட்டவுடன் அகற்றிவிட்டால் ஏற்றிடம் தந்தவர் மேல் குற்றமில்லை என்று அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் கூறும். ஆயினும், பெருநிறுவனங்களின் வாயை அடைக்க அச்சட்டம் போதவில்லை. எனவே கூகுள் அதே 2007-இல் ஒரு பொறியை அமைத்தது. ‘கண்டெண்ட் ஐ.டி.’ என்பது அதன் பெயர். பெருநிறுவனங்கள் தம் ஒலிப்பதிவுகளை அதனிடம் ஒப்படைக்கும். அது ஒவ்வொன்றினின்றும் கைந்நாட்டுப் போன்றதோர் அடையாளத் தடத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். பின்னர் உலகில் எவர் எக்காணொளியை ஏற்றினும் அத்தடங்களோடு ஒப்பிடும். பதிவு ஒத்தாலும் சொல்லும். சில போழ்து மெட்டு ஒத்தாலும் சொல்லும். ஒத்துவிட்டால், காணொளியை முடக்கலாம், விளம்பரமிட்டுப் பணம் பெறலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கின்றனர் என்று கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இம்மூன்றனுள் எதனைச் செய்வதென்பது தடம் ஒப்படைத்தவரின் விருப்பம்.

ஒரு மணித்துளிக்கு 500 மணிநேரத்துக்கு மேற்பட்ட காணொளிகள் வந்து குவியும் இடத்தில் மாந்தர் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாதென்பது உண்மையே. பொறி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதனால் இசைத்துறையினர்க்குப் பெரும்பணம் சென்றிருப்பதும் உண்மை; 2024-ஆம் ஆண்டு முடிய 1,200 கோடி தாலர் உரிமையாளர்க்கு இவ்வழியிற் பகிர்ந்தளித்ததாகக் கூகுள் கூறுகின்றது. எனினும் அந்நிறுவனமே வெளியிட்ட மற்றொரு கணக்கையும் நோக்குக. 2021-ஆம் ஆண்டின் முதல் அரையாண்டில் மட்டும் இப்பொறி வழியாக எழுந்த உரிமைக் கோரல்கள் 72 கோடிக்கு மேல். அவற்றுள் மறுக்கப்பட்டவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால், மறுக்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு அறுபது ஏற்றியவர்க்கே நன்மையாக முடிந்தன! மறுக்காத ஏனையோருட் பெரும்பாலோர் உண்மையிலேயே பிறர் பாட்டை எடுத்தவராயிருக்கலாம். அவருள் அஞ்சி வாய்மூடியவர் எத்தனை பேர் என்பதை அக்கணக்குச் சொல்லாது.

இனி, பொறியின் அறிவுத்திறத்துக்குச் சில சான்றுகள். 2012-இல் ஒருவர் எடுத்த காணொளியிற் கேட்ட பறவைக் குரல் ஓர் இசை நிறுவனத்துக்கு உரியதென்று கோரல் எழுந்தது. 2018-இல் ஆத்திரேலிய இசைவாணர் ஒருவர் பத்து மணிநேரம் வெற்றிரைச்சலை மட்டும் பதிந்து ஏற்றியிருந்த காணொளிக்கு ஐந்து கோரல்கள் வந்தன. இரைச்சலுக்கு ஐந்து உரிமையாளர்! அதே ஆண்டில் ஆங்கிலேயப் பியானோ வாணர் சேம்சு இரோட்சு என்பார் செருமானிய இசைமேதை பாக் ஆக்கிய இசையைத் தம் வீட்டில் தாமே வாசித்து முகநூலில் இட்டார். அதில் 47 நொடிகள் தனக்கு உரியவை என்றது சோனி இசை நிறுவனம். பாக் மறைந்தது 1750-இல். அவர் மறுத்தெழுதியும் முதலில் ஏற்கவில்லை. செய்தி உலகெங்கும் பரவி நகைப்புக்கு இடமான பின்னரே கோரல் கைவிடப்பட்டது. இருநூற்றறுபத்தெட்டு ஆண்டுகட்கு முன் மறைந்த பாக்குக்கே இந்நிலையென்றால், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட நாவுக்கரசர்க்கு மட்டும் வேறென்ன நேரும்?

இங்குத்தான் நாம் சட்டத்தைச் சற்றே பொறுமையாகப் பார்த்தல் வேண்டும். ‘பாட்டின் உரிமை’ என்று நாம் ஒற்றைச் சொல்லாற் சொல்லிவிடுகின்றோம். சட்டத்தில் அஃது ஒன்றன்று. சொல்லுக்கு ஓர் உரிமை. இசையமைப்புக்கு ஓர் உரிமை. ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. பாடிய குரலுக்கு இன்னோர் உரிமை. நான்கும் நால்வரிடம் இருக்கலாம். நான்கும் வெவ்வேறு காலத்தில் முடியும். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி சொல்லும் இசையும் ஆக்கியோர் மறைந்து 60 ஆண்டுவரை அவர் வழியினர்க்கு உரியவை. 1992 வரை அது 50 ஆண்டாக இருந்தது. தாகூர் எழுத்துகளின் உரிமை முடியும் வேளையில் அதனைப் பத்தாண்டு நீட்டினர். ஒலிப்பதிவின் உரிமையோ அது வெளிவந்த ஆண்டினின்று 60 ஆண்டில் முடியும்.

நாவுக்கரசர் பாட்டின் சொல்லுக்கு இன்று உரிமை கோருவார் எவருமிலர். கொல்லிப்பண் எந்த நிறுவனத்தின் கண்டுபிடிப்புமன்று. ஓதுவார் மரபு வாய்வழியாகக் காத்துவந்த பொதுச்செல்வம் அது. அப்படியாயின் அந்நிறுவனத்துக்கு எதன்மேல் உரிமை? தான் ஒரு பாடகரை அமர்த்தி, கருவியிசை சேர்த்து, தன் செலவிற் பதிந்த அந்தப் பதிவின்மேல் மட்டுமே உரிமை. அப்பதிவை நாம் எடுத்தாண்டால் அது குற்றம். எங்கள் மாணவி அப்பதிவைக் கேட்டிருக்கவுமில்லை. ஒரே பதிகத்தை ஒரே பண்ணில் இருவர் பாடினால் ஒன்றுபோல் ஒலிக்கத்தான் செய்யும். ஒலிக்காவிட்டால் அன்றோ ஓதுவார் தலையிற் குட்டுவார்! மரபு சிதையாமற் பாடியதே அவள் குற்றமாயிற்று என்க.

இன்னுமொன்று. பாடுநர்க்கும் தம் பாடலின்மேல் தனியுரிமை உண்டென்று 1994-இற் சட்டம் திருத்தப்பட்டது. ஐம்பதாண்டு நிற்கும் உரிமை அது. கைப்பேசியிற் பதிந்தவர்க்கு அப்பதிவின் உரிமை. ஆக, அன்றைய பாட்டின்மேல் சட்டப்படி உரிமையுடையார் இருவர் உண்டென்றால், ஒருத்தி பாடிய அம்மாணவி. மற்றொருவர் பதிந்த என் பழைய மாணவர். அம்மாணவிக்கு நான் காலந்தாழ்ந்து சொன்ன விடை இதுவே: “நீ எவரையும் படியெடுக்கவில்லை, அம்மா. உன்னிடமிருந்துதான் எடுக்கப் பார்க்கின்றனர்.”

பொதுப்பாட்டு எவ்வாறு பொறியின் பட்டியலில் தனியுடைமையாக ஏறுகின்றது என்றும் கேட்டறிந்தேன். பழம்பாட்டு ஒன்றை எவரோ மின்னிசை சேர்த்துப் பதிகின்றார். பகிர்மான முகவர் ஒருவர் வழியாக உலகத்து இசைத்தளங்கட்கெல்லாம் அனுப்புகின்றார். அம்முகவர் அதனைப் பொறியின் பட்டியலிலும் சேர்த்துவிடுகின்றார். தனக்கே முழுவதும் உரியவற்றை மட்டுமே ஒப்படைத்தல் வேண்டும், பொதுவுடைமையானவற்றை ஒப்படைத்தல் கூடாது என்று கூகுளின் விதி இருக்கின்றது. விதி தாளில் இருக்கின்றது. முகவர்க்கு நாவுக்கரசர் இன்னார் என்று தெரிந்திருக்க வேண்டுமென விதியில்லை. பொய்க்கோரலே தொழிலாகக் கொண்டவரும் உளர். அமெரிக்காவில் இருவர், தமக்கு உரிமையில்லாத இலத்தீன் அமெரிக்கப் பாட்டுகளைத் தமவென்று பதிந்து, சில்லாண்டுகளில் 2 கோடியே 30 நூறாயிரம் தாலர் ஈட்டினர். 2021-இல் அவர்கள்மீது குற்றம் சாற்றப்பட்டது. அவர்கள் அகப்பட்டது தொகை பெரிதாயிருந்ததனால். நம் பதிகத்துக்கு வந்த விளம்பரக் காசுக்கு எந்தக் காவலர் வருவார்?

எங்களுக்கு நேர்ந்ததைத் தொடர்கின்றேன். என் மாணவர் முதலில் அக்காணொளியை நீக்கிவிடவே எண்ணினார். “வம்பு வேண்டாம் ஐயா, என் கணக்கே போய்விடும்” என்றார். அவர் அச்சத்தில் பொருளிருந்தது. மறுப்புத் தெரிவித்தால், அதனை ஆய்ந்து முடிவு சொல்வது யார் தெரியுமா? கோரல் எழுப்பிய அதே நிறுவனம்! வழக்காடியே நடுவராகவும் அமர்கின்றார். விடையளிக்க அவர்க்கு 30 நாள். அவர் மறுத்தால் நாம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 7 நாள். அதற்கும் அவர் இணங்காமற் சட்டமுறை அகற்றல் மடல் விடுத்தால், காணொளி அகற்றப்பட்டு நம் கணக்கில் ஓர் ‘எச்சரிக்கைப் புள்ளி’ விழும். 90 நாளில் மூன்று புள்ளி விழுந்தால் கணக்கே போகும். அதிலுள்ள நூற்றுக்கணக்கான காணொளிகளும் உடன்போகும். அதன்பின்னும் எதிர்த்து நிற்க வேண்டின், நம் பெயரும் முகவரியும் கொடுத்து, வழக்கு வந்தால் அமெரிக்கக் கூட்டரசு முறைமன்றத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒப்புதல் எழுதித் தரல் வேண்டும். அயல்நாட்டினர்க்குக் கூகுள் அமைந்துள்ள கலிபோர்னியாப் பகுதி மன்றமே உரிய மன்றம். திருவதிகையிற் பிறந்த பாட்டு, விழுப்புரத்துக்கு இப்பாலுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியிற் பாடப்பட்டது. அதன் முறைகேட்கக் கலிபோர்னியாவுக்குக் கப்பலேற வேண்டும். கோரல் எழுப்பியவர்க்கோ இவ்வளவில் ஒரு காசு செலவில்லை. அது பொய்யெனத் தெரிந்தபின் பெரும்பாலும் தண்டமுமில்லை.

நான் அவரைத் தேற்றி மறுப்பு எழுதச் செய்தேன். பாட்டு இன்ன நூற்றாண்டினது, பண் இன்னது, பாடியவர் இன்னார், பதிந்தவர் இன்னார், பிறர் பதிவு எதுவும் இதில் இல்லை என்று ஆறு வரியில் எழுதினோம். இருபத்தொன்பதாம் நாள் ‘கோரல் உறுதி செய்யப்படுகின்றது’ என்று விடை வந்தது, கரணியம் சொல்லப்படவில்லை. மேல்முறையீடு செய்தோம். ஏழு நாளும் விடையின்றிக் கழிந்தன; கோரல் தானே காலாவதியாயிற்று. விளம்பரம் நின்றது. பிழைபொறுக்க என்றொரு சொல் எவரும் எழுதவில்லை.

இதனை எண்ணும்போதெல்லாம் தில்லைக் கதை என் நெஞ்சில் வருகின்றது. மூவர் பாடல் ஏடுகள் தில்லைக் கோயில் அறையொன்றிற் பூட்டிக் கிடந்தன என்றும், மன்னன் சென்று கேட்டபோது ‘பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றித் திறவோம்’ என்று அறையைக் காத்தோர் கூறினர் என்றும், மன்னன் மூவர் படிமங்களை எழுந்தருள்வித்துக் கதவைத் திறப்பித்தான் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். உள்ளே பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. எஞ்சியவற்றுக்குப் பண் தெரிந்தார் இலர். எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த பெண்ணொருத்தி பாடிக்காட்டப் பண் வகுக்கப்பட்டது என்பர். இம்மரபில் உவமையாக எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. ஏட்டைப் பூட்டியிருந்தார்க்கும் பாட்டுக்கும் எத்தொடர்பும் இல்லை. பூட்டு மட்டுமே அவருடையது. பாட்டை அறிந்திருந்தவள் எங்கோ ஒரு சிற்றூரிற் பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டுரிமைப் போர் தமிழர்க்குப் புதிதுமன்று. பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் திரைப்படத்திலும் ஆளும் உரிமை, செய்சிங்லால் மேத்தா என்னும் வணிகர் கைக்குப் போயிற்று, அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதனை விலைகொடுத்துப் பெற்றார். தி.க. சண்முகம் உடன்பிறந்தார் தம் ‘பில்கணன்’ படத்திற் பாரதி பாட்டைச் சேர்த்தபோது உரிமை வழக்கு எழுந்தது. நாட்டுக்கெனப் பாடிய பாவலனின் பாட்டை நாட்டார் பாடக் கூடாதா என்று எழுத்தாளர் கிளர்ந்தனர். நாரண துரைக்கண்ணன் முதலானோர் ஊர்தோறும் சென்று முழங்கினர். 1949-இல் ஓமந்தூரார் அமைச்சரவைக் காலத்திற் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையை ஏற்றது. மெய்யப்பனார் தம் பங்கைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார் என்பதையும் மறவாமற் சொல்லல் வேண்டும். பின்னர் அவை மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. ஒரு பாவலனின் ஆக்கங்கள் முழுவதையும் அரசு ஏற்று மக்கட்கு வழங்கிய அச்செயல் அந்நாளில் அரிய செயல்.

அவ்வாறு வென்றெடுத்த பாரதி பாட்டையும் இன்று பள்ளிப் பிள்ளைகள் பாடி ஏற்றினால் கோரல் வருகின்றது! சொல் பொதுவாயிற்று. ஆனால், திரைப்படத்தில் அதற்கமைத்த மெட்டு, அமைத்தவர் மறைந்து 60 ஆண்டுவரை பொதுவாகாது. 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தின் பாட்டுப் பதிவுக்கு இந்நாட்டிற் காலம் முடிந்துவிட்டது. அதையே துப்புரவாக்கி மறுபதிவென விற்பவர் புதிதாய் உரிமை பேசுவர். இவ்வேறுபாடுகளைப் பொறி அறியாது. நம் ஆசிரியர்களும் அறியார் என்பது அதனினும் வருந்தத்தக்கது.

நிற்க. நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைத்தல் ஆகாது. இசை என்பது காற்றில் வருவது, அதற்கென்ன விலை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நானே ஒருகால் ஆண்டுவிழாவுக்காகத் திரைப்பாட்டு மெட்டொன்றில் தூய தமிழ்ச் சொற்களைப் பொருத்திப் பாடச் செய்தேன், கேட்டவர் கைதட்டினர். மெட்டு வேறொருவர் உழைப்பு என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. கல்விநிலையத்தில் ஆசிரியரும் மாணவரும் தம் நிகழ்ச்சியிற் பாடுவதற்குச் சட்டம் விலக்களிக்கின்றது. ஆனால், அவ்விலக்குப் பள்ளிச் சுவரோடு நிற்கும். அதனையே காணொளியாக்கி உலகுக்கு ஏற்றினால் இசையமைத்தவர் கேட்கத்தான் கேட்பார். கேட்பது முறையே.

இசையமைப்பாளரும் பாவலரும் இந்நாட்டில் எவ்வளவு காலம் வஞ்சிக்கப்பட்டனர் என்பதை அறிந்தால் அவர்மேல் சினம் வாராது. படமுதலாளி பணம் கொடுத்து எழுதுவித்த பாட்டும் இசையும் அவர்க்கே உரியவை என்று 1977-இல் உச்சமுறைமன்றம் தீர்த்தது. பாடுநர்க்குச் சட்டத்தில் ஏதும் இல்லையே என்று அவ்வாயத்திலிருந்த நடுவர் கிருட்டிண ஐயர் தனியே வருந்தி எழுதினார். முப்பத்தைந்து ஆண்டு கழித்தே, 2012-இல், சட்டம் திருந்தியது. திரையரங்குக்கு வெளியே பாட்டு ஆளப்படும் இடங்களிலெல்லாம் எழுதியவர்க்கும் இசைத்தவர்க்கும் சமபங்கு உண்டு. அதனை அவரே விரும்பினாலும் முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. இந்திப் பாவலர் சாவேத் அக்தர் மாநிலங்களவையிலிருந்து இதற்காகப் பெரிதும் உழைத்தார். 2017-இல் இளையராசா, தம் பாடல்களை இசைவின்றி மேடையிற் பாடலாகாதென்று எசு.பி. பாலசுப்பிரமணியத்துக்கு அறிவிப்பு விடுத்தபோது நம்மவருட் பலர் இளையராசாவைப் பேராசைக்காரர் என்றனர். நட்பு வேறு, உரிமை வேறு. தம் ஆக்கத்துக்கு ஆக்கியோன் விலை கேட்பதில் இழிவில்லை. ஆக்காதவன் கேட்பதே இழிவு. இவ்விரண்டையும் ஒரே பொறியில் இட்டு அரைப்பதனால் உண்மையான இசைவாணரின் நேர்மையான கோரிக்கையும் மக்கள் கண்ணில் வழிப்பறியாகத் தோன்றுகின்றது. இதனால் அவர்க்கும் இழப்பே.

என்ன செய்யலாம்? கூகுளைத் திருத்தும் ஆற்றல் நமக்கில்லை. தமிழ்நாட்டரசுக்கு ஓரளவு உண்டு. தேவாரப் பதிகங்கள் முழுவதையும், ஆழ்வார் பாடல்களையும், தொகுக்கப்பட்ட நாட்டுப்பாடல்களையும் மரபறிந்தாரைக் கொண்டு பாடுவித்து, எவரும் எதற்கும் எடுத்தாளலாம் என்னும் பொது உரிமத்தோடு வெளியிடல் வேண்டும். தமிழ் பாடப்படுதற்கே 1943-இல் தமிழிசைச் சங்கம் கண்டு போராட வேண்டியிருந்த நாடு இது. அச்சங்கம் ஆண்டுதோறும் பண்ணாராய்ச்சி நடத்திச் சேர்த்த அறிவு இப்பணிக்கு உதவும். அரசே அப்பதிவுகளைப் பொறியிடம் ஒப்படைத்துப் பூட்டிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் தில்லை அறைக்குப் புதியதொரு பூட்டு வாங்கியது போலாகும். பொய்க்கோரல் வந்தால் ‘இது பொது’ என்று சான்று தர ஒரு சிறு அலுவலகம் இருந்தாற் போதும். நாட்டுடைமையாக்கப்பட்ட பாவலர் பட்டியலையும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, மறுப்பில் இணைக்கத்தக்க ஒற்றைத் தாளாக அவ்வலுவலகம் வழங்கலாம். பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று.

ஆசிரிய அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். விழா நிகழ்ச்சியை ஏற்றும்போது, பாட்டின் பெயர், பாடிய புலவர், காலம், பண் அல்லது மெட்டமைத்தவர், பாடிய மாணவர் குழு, பதிந்தவர் ஆகியவற்றைக் காணொளியின் கீழே எழுதிவிடுங்கள். மாணவரின் முழுப்பெயரும் முகமும் வெளியிடுமுன் பெற்றோர் இசைவு பெறுங்கள். கடையில் விற்கும் கருவியிசைப் பதிவை ஓடவிட்டு அதன்மேற் பாடச் செய்யாதீர்கள். அங்கே அவர் கோரல் மெய்யாகவே செல்லும். ஒரு யாழோ குழலோ இல்லையெனில் வெறுங்குரல் போதும். நாட்டுப்புறத்தில் நம் தாய்மார் நடவிலும் தாலாட்டிலும் அப்படித்தான் பாடினர். அதன்பின்னும் கோரல் வந்தால் அஞ்சி நீக்காதீர்கள். பாட்டு உண்மையிலேயே பொதுவெனின், மறுப்பெழுதுவதற்குக் காற்பொழுது போதும்.

என் மாணவரும் நானும் எழுதிய ஆறு வரி மறுப்பு மடல் தமிழிலும் ஆங்கிலத்திலும் என்னிடம் உள்ளது. வேண்டுவோர் தம் முகவரி எழுதிய உறையோடு இதழ் அலுவலகத்துக்கு எழுதினாற் படி விடுப்பேன். வருந் தைத்திங்களில் அம்மாணவி மீண்டும் பாடவிருக்கின்றாள். இம்முறை பழம்பஞ்சுரம் கற்றுக்கொண்டிருக்கின்றாள். ஓதுவார் ஐயா உடல் தளர்ந்திருப்பதால் காரிக்கிழமைகளில் அவளே அவர் வீட்டுக்குச் செல்கின்றாள்.